அம்மா கேட்ட பங்கு

எங்கள் குலதெய்வத்தையும் அம்மாவின் பாதங்களையும் வணங்கி இதைத் தொடங்குகிறேன். இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன், கீழே வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் தயக்கத்துக்குப் படிப்பு காரணமில்லை. "நான் கீற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா இறைவனடி சேர்ந்து இந்தத் திதியோடு ஒரு வருஷம் ஆகிறது. அப்படியும் கை வரவில்லை. போன மாதம் அண்ணன் மகன் ஓசூரிலிருந்து வந்து, "அத்தை, ஆயாவுக்கு நினைவு மலர் அடிக்கப் போறோம். நீங்கதான் எழுதணும். என்னைப் பத்தி வர்றதையும் மறைக்காம எழுதுங்க" என்றான். அவன் வாயால் கேட்ட பிறகுதான் தைரியம் வந்தது.

அம்மா பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊர். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. பாவாடை கட்டுகிற வயதிலேயே பெண்டுகளோடு மலையேறி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போயிருக்கிறார்கள். கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றி அம்மா எங்களிடம் சொல்வதுண்டு. "பள்ளத்தப் பாத்தா மயக்கம் வந்துடும். முன்னால போறவ குதிகால மட்டும் பாக்கணும். அவ வச்ச எடத்துல வைக்கணும். அவ வழுக்கின எடத்துல வைக்கக் கூடாது. அவ்ளோதான்."

கச்சிராயபாளையம் பக்கம் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர்தான். இருவரும் சேர்ந்து கரும்பு போட்டு, கால் வயிறும் அரை வயிறுமாக இருந்து, அணைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அப்பா அதை அம்மா பெயரில் கிரயம் செய்தார்கள். பங்காளிகள் கேலி செய்திருக்கிறார்கள். "பொண்டாட்டி பேர்ல எழுதிட்டு நீ அவளுக்குக் கூலிக்காரனாப்பா?" என்று ஒருவர் கேட்டதற்கு அப்பா, "ஆமாண்ணே, சம்பளம் கம்மிதான், சோறு ஜாஸ்தி" என்றார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது மட்டும் வெட்கப்படுவார்கள்.

நாங்கள் இரண்டு பிள்ளைகள். அண்ணன் மூத்தவர். என்னைச் சின்னசேலத்தில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எனக்குச் செய்ய வேண்டிய சீரை எல்லாம் நிறைவாகச் செய்து முடித்த பிறகுதான் அப்பா கண்ணை மூடினார்கள்.

அப்பா போன பிறகு, நிலத்தையும் வீட்டையும் அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. கரும்பை ஆலையில் பதியவும் கடன் வாங்கவும் அதுதான் வசதி. எனக்கும் முழுச் சம்மதம். கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் அவர் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அம்மா, இதுல ஒரு வரி சேத்துக்கலாங்களா? கடைசி வரைக்கும் உங்களுக்குச் சோறு, துணி, வைத்தியம் பாத்துக்கணும், கீற வூட்ல இருக்க உரிமை உண்டு, தவறினா பத்திரத்த ரத்து பண்ணிக்கலாம்னு. இப்பல்லாம் எழுதிக்கிறாங்க."

"இன்னாங்க பேசறீங்க?" என்றார்கள் அம்மா. "பெத்தவளுக்குச் சோறு போடுன்னு பத்திரத்துல எழுதி, அத கவர்மெண்டு ஆபீஸ்ல படிச்சிக் காட்டினா எம் புள்ள மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்குவான்? வாணாங்க."

"சட்டத்துல இருக்குது, அதனால சொன்னேன்."

"சட்டம் புள்ளைங்க சரியில்லாத வூட்டுக்கு. எங்க வூட்டுக்கு எதுக்கு?"

அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. எங்கள் பக்கம் சோற்றுக்கு எழுத்து வாங்குவது என்பது பெற்ற பிள்ளையைச் சந்தையில் நிறுத்துவது போல. அந்த வரி இல்லாமலே பத்திரம் பதிவானது. பட்டாவும் அண்ணன் பெயருக்கு மாறியது.

அண்ணன் அந்த நம்பிக்கைக்கு ஒரு நாளும் பங்கம் வர விடவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், யாரும் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. அம்மா சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் அவர் கை நனைக்க மாட்டார். அம்மா வெள்ளிக்கிழமை விளக்குப் போட எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்றுகூடப் பார்ப்பார். அண்ணியும் அப்படியே.

ஆனால் ஆண்டவன் கணக்கு நமக்குத் தெரிவதில்லை. ஒரு வருஷம் ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்துவிட்டது, வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆள் கூப்பிட அண்ணன் மலைக்குப் போனார். அங்கே ஒரு வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மலை ஊர்க்காரர்கள் போர்வையில் தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கி வந்து, ஒரு டெம்போவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டே கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பெற்ற மகனுக்கு வாய்க்கரிசி போடுகிற கொடுமை அம்மாவுக்கு நேர்ந்தது.

அதற்குப் பிறகு வந்த சங்கடங்களை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதி வைக்கவில்லை. கரும்புப் பணம் வந்து அந்தக் கணக்கிலேயே அடைபட்டுப் போனது. காரியச் செலவுக்கு என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சாமான் போயிற்று. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் கேட்டால் மூன்று பேரைப் போட வேண்டும் என்றார்கள்: அண்ணி, அண்ணன் மகன், அம்மா. மகன் உயில் எழுதாமல் இறந்தால் பெற்ற தாய்க்கும் சமமான பங்கு உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

கருமாதிக்கு வந்த உறவுகள் சாப்பிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் அண்ணியின் தம்பி பேச்சை எடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் எடுத்தார்.

"மச்சான் நெலத்துல அத்தைக்கும் பங்கு வருதுன்னு வக்கீல் சொல்றாரு. அத்தையும் அக்காவும் ரெண்டு பேரும் பங்கு வாணாம்னு பையன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும். அவன் அத பேங்க்ல வச்சி ஓசூர்ல ஒரு பட்டறை போட்டுக்குவான். எப்பிடியும் அவனுக்குத்தானே போவப்போவுது?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சுவரில் சாய்ந்திருந்த அண்ணி நிமிராமலே, "நீ எங்க காட்டினாலும் கையெழுத்துப் போடறேன் தம்பி. எனக்கு இனிமே இன்னா வேணும்?" என்றார்.

அம்மா சொன்னார்கள்: "நான் போட மாட்டேன். எம் பங்கு எனக்கு வேணும்."

எங்கள் பெரியம்மா ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்டி, புள்ள சாம்பல் இன்னும் ஆறல. காலை நீட்டிக்கினு போற வயசுல உனக்குப் பங்கு எதுக்கு? கூட எடுத்துக்கினு போவப்போறியா?"

"போற வழியில செலவுக்கு வேணும்க்கா" என்றார்கள் அம்மா.

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணியின் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று தொடங்கிய பேச்சுதான். செத்த மகன் சொத்தில் பங்கு கேட்ட கிழவி என்றார்கள். பஸ் ஏறி அந்தப் பேச்சு எனக்கு முன்னால் சின்னசேலம் வந்துவிட்டது. கடைக்கு வந்த ஒரு அம்மாள், "உங்கம்மா மருமக மேல கேஸ் போட்டிருக்குதாமே?" என்று என்னிடமே கேட்டார். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

அம்மா கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றே கேட்டேன்.

"ஏம்மா இப்பிடிப் பண்ற? வெளிய தலை காட்ட முடியல."

அம்மா சோகையைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். "உங்கண்ணன் எனக்குச் சோறு போடலியா?"

"போட்டாரு."

"நல்லாதானே போட்டான்?"

"நல்லாதான் போட்டாரு. அதுக்கு இன்னா இப்ப?"

"அப்பறம் ஏன் இன்னிக்கு நான் யாரு வூட்டுச் சோறு துன்றேன்னு தெரியாம குந்தினு கீறேன்?"

அம்மாவே தொடர்ந்தார்கள்.

"எம் புள்ள நல்லவன்னு நெனச்சேன். நல்லவன்தான். ஆனா எனக்கு முன்னால போவான்னு நெனச்சனா? அந்தப் பத்திரக்காரரு சொன்ன வரி, புள்ளைய நம்பாம எழுதறது இல்லடி. எமனை நம்பாம எழுதறது. அது எனக்கு அப்பப் புரியல. இப்ப உங்கண்ணி இன்னா சொன்னா, கேட்டியா? எங்க காட்டினாலும் போடறேங்கறா. நான் வழுக்கின எடத்துலயே காலை வைக்கறா. பட்டறை நல்லா ஓடட்டும், ஓடணும்னுதான் சாமிய வேண்டறேன். ஓடலன்னா? பேங்க்காரன் வந்து நெலத்த எடுத்துக்கினா அவ எங்க போவா? நானாவது கெழவி, இன்னிக்கோ நாளைக்கோ. அவளுக்கு இன்னும் எவ்ளோ காலம் கெடக்குது!"

"அப்ப இத அங்கயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"எப்பிடிச் சொல்ல? தாலி எறங்கின ஈரம் காயாதவகிட்ட, உன் தம்பி பேச்சக் கேக்காத, உன் புள்ள கையில எல்லாத்தையும் குடுக்காதன்னு நான் சொன்னா, அவங்க மூஞ்சிய அவ எப்பிடிப் பாப்பா? அவளுக்குப் பொறந்த வூடும் வேணும், பெத்த புள்ளையும் வேணும். பேசறவங்க என்னைப் பேசிட்டுப் போவட்டும். எனக்கு வயசாயிடுச்சு, காதும் கம்மி."

பிறகுதான், நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார்கள், தான் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று.

அந்த மாதங்கள் எங்கள் வீட்டுக்கு நல்ல மாதங்கள் இல்லை. அண்ணி வேளாவேளைக்கு அம்மாவுக்குத் தட்டு வைப்பார், பேச மாட்டார். அம்மாவும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அசையவில்லை. கடைசியில் அண்ணன் மகனே லீவு போட்டு வந்து, "ஆயா, உனக்கு இன்னாதான் வேணும்? வாய விட்டுச் சொல்லு" என்று எதிரில் உட்கார்ந்தான்.

"வக்கீலுகிட்ட கூட்டிக்கினு போ. அங்க சொல்றேன்."

"கேஸு கீஸு போடப்போறியா?"

"போட்டா உன் மேல போடறேன். ஒன்னுக்கு இருக்கவே என்னைக் கூப்புட்டவன் நீ, உன் மேல கேஸு போட எனக்கு இல்லாத உரிமையா?"

அவன் சிரித்துவிட்டான். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அடுப்படியில் இருந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

கள்ளக்குறிச்சியில் வக்கீல் வீட்டுக்கு அம்மா, அண்ணி, அண்ணன் மகன், நான் நால்வரும் போனோம். அம்மா அவரிடம் சொன்னது இதுதான். நிலத்தில் பேரன் பங்கு பேரனுடையது, அதை வைத்து அவன் கடன் வாங்கலாம், பட்டறை போடலாம். அம்மா பங்கையும் அண்ணி பங்கையும், வீட்டோடு சேர்த்து, இப்போதே அவன் பெயருக்கு எழுதிவிடலாம். ஆனால் இரண்டு பெண்களில் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் நிலத்து வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை வேண்டும். அதுவரை விற்கவும் அடமானம் வைக்கவும் கூடாது. வைத்தியம் பார்க்க வேண்டியது அவன் பொறுப்பு. தவறினால் பத்திரம் செல்லாது.

வக்கீல் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"போன தடவை வாணான்னு சொல்லிட்டு வந்தங்க. அதான் சொல்லிக் குடுத்துச்சு."

வயதைப் பார்த்து, நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்வது நல்லது என்றார் வக்கீல். அந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். "பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை இல்ல" என்றார்கள் அம்மா.

"அது எப்படி உறுதியா சொல்றீங்க?"

"வெள்ளிக்கிழமையா இருந்தா விளக்கு போடாம இங்க வந்து குந்தியிருப்பனா?"

டாக்டர் மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, புன்னகையோடு எழுதிக் கொடுத்தார்.

பதிவுக்கு முன்னால் வக்கீல் பத்திரத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். வருமானம் அனுபவிக்கிறவர்கள் என்று வரும் இடத்தில் அம்மா பெயர் முதலிலும் அண்ணி பெயர் இரண்டாவதாகவும் இருந்தது. அம்மா கையை நீட்டித் தடுத்தார்கள்.

"மருமவ பேர முன்னால போடுங்க."

"மூத்தவங்க நீங்கம்மா. எப்படிப் போட்டாலும் உரிமை ஒண்ணுதான்."

"இருக்கட்டுங்க. நான் போயிடுவேன். இருக்கப்போறவ அவதான். இது அவளுக்கோசரம் எழுதறது."

அண்ணி அதுவரை ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் திரும்பினார். வக்கீலிடம் அம்மா பேசியபோது காதில் வாங்காதவருக்கு, பங்கு யாருக்காக என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. "அத்தை" என்றார். அழ ஆரம்பித்தார். பெயரை மாற்றி எழுதிய பத்திரத்தில் அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, "அழுவாத, மை காயட்டும்" என்று சொல்லி, பெருவிரலைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. அண்ணி அம்மாவை உட்கார வைத்துவிட்டு, ஊர் வரும் வரை அம்மாவின் தோளில் கை வைத்தபடியே நின்று வந்தார். அதே வாரத்தில் அம்மா அண்ணியை வங்கிக்கு அழைத்துப் போய், எல்லாக் கணக்குக்கும் நாமினி எழுத வைத்தார்கள்.

பதிவு முடிந்த மறுநாளே அண்ணி எல்லாவற்றையும் தன் தம்பிக்குச் சொல்லப் போனை எடுத்தார். அம்மா தடுத்துவிட்டார்கள். "இப்ப சொன்னா, நாம அவன நம்பலன்னு ஆயிடும். உன் புள்ளையையும் நாலு பேரு ஒரு மாதிரி பாப்பாங்க. என்னைப் பேசினது பேசினதாவே கெடக்கட்டும்."

அண்ணன் மகன் மறைக்க வேண்டாம் என்று சொன்னது இனி எழுதப்போவதைத்தான். அவன் போட்ட பட்டறை ஓடவில்லை. கூட்டாளி பாதியில் விட்டுவிட்டுப் போனார். கடனுக்கு அவன் பங்கு நிலம் போய்விட்டது. பிள்ளை ஒழுங்காகத்தான் உழைத்தான், காலம் ஒத்து வரவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் வேலை பார்த்து மரியாதையாக இருக்கிறான். அன்று மூன்று பங்கும் அவன் பெயரில் ஒன்றாக இருந்திருந்தால் மூன்றும் சேர்ந்தே போயிருக்கும். வீடும் இரண்டு பெண்களின் நிலமும் நின்றது அந்தப் பத்திரத்தால்தான். நிலம் போன அன்று அவன் வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதான். அம்மா அவன் தலையைத் தடவி, "போனது உன் பங்குடா. உன் பசி போவலியே. எழுந்து கை கழுவிக்கினு வா, சாப்புடலாம்" என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசியில் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. படுக்கையோடு இருந்தார்கள். அண்ணி அம்மாவை ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். புரட்டிப் படுக்க வைப்பதும், புண் வராமல் துடைப்பதும், கஞ்சியை ஆற்றி ஊட்டுவதும் அவர்தான். மருந்துக்கும், வீட்டுக்கு வந்து பார்த்த நர்சம்மாவுக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. கரும்பு வருமானம் பார்த்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை விளக்கை அண்ணி ஏற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவார். பேச்சு குழறிய பிறகும் அம்மா அதைப் பார்த்து ஒரு கையால் கும்பிடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அண்ணி ஊட்டிய கஞ்சியில் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, அமைதியாகக் கண்ணை மூடினார்கள்.

அன்று வீடு கொள்ளாத கூட்டம். மலையிலிருந்தும் வந்திருந்தார்கள், அன்று அண்ணனைத் தூக்கி வந்தவர்கள். கூட்டத்தில் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "புள்ள சொத்துல பங்கு கேட்டு வாங்கிச்சே, இப்ப எத எடுத்துக்கினு போவுது பாரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அம்மாவின் தலைமாட்டில் இருந்த அண்ணி காதில் விழுந்துவிட்டது. அழுகையை நிறுத்தினார்.

"எதையும் எடுத்துக்கினு போவலீங்க. அது கேட்ட பங்குலதான் நான் இன்னிக்குச் சாப்புடறேன்."

கூட்டத்தில் நின்ற அண்ணியின் தம்பி முன்னால் வந்து, அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாடைக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தார்.

அம்மாவின் கடைசிக் காலத்தில் உதவிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எந்த நேரத்திலும் காரை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அண்ணியின் தம்பிக்கு, முகம் சுளிக்காமல் வந்து பார்த்த நர்சம்மாவுக்கு, அந்த வக்கீலுக்கும் டாக்டருக்கும், வெயிலில் இறங்கி வந்து கூட நின்ற மலை ஊர்க்காரர்களுக்கு, மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஆயா மருந்துக்கென்று அனுப்பிய அண்ணன் மகனுக்கு, கடையைப் பூட்டிவிட்டு என்னோடு ஓடி வந்த என் வீட்டுக்காரருக்கு. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆண்டவன் அவருக்கு நல்ல ஆயுளைக் கொடுக்கட்டும். அவர் இருக்க வீடும் உண்ணச் சோறும் எழுத்தில் இருக்கிறது.

இந்த மலரை வாங்கிப் படிக்கும் உறவுகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் பெற்றவர்கள் இருப்பார்கள், பத்திரம் எழுதுகிற நாள் வரும். அன்று இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அம்மா பங்கு கேட்டது உண்மை, அதை மறைக்காதீர்கள். யாருக்காகக் கேட்டார்கள் என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.